சித்தப்பாவுக்குள் மூன்று வருடம் தங்கிவிட்ட ரியூப்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து யார் வைத்தியத்துக்கு வந்தாலும் முதலில் வந்து இறங்குவது இங்கேதான். அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படி. கண் ஒபரேஷன், இதயத்துக்கு ஸ்கான், புற்றுநோய்க்கு மகரகம என்று யாரோ ஒருவருடைய எக்ஸ்றே உறை எங்கள் முன்னறைக் கதிரையில் எப்போதும் கிடக்கும். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால் கிளினிக்குக்குக் கூடப் போவது என் வேலை.

இப்படிப் பல வருடம் வாட்டுகளிலும் கிளினிக் வாங்குகளிலும் இருந்திருக்கிறேன். என்னை உலுக்கியது சித்தப்பாவின் விஷயம்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பிள்ளை, ஆருக்காவது உதவட்டும்" என்றார்.

2020 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணத்துக்காக வவுனியாவிலிருந்து வந்திருந்தார். தாலி கட்டி முடிந்த அன்று பின்னேரம் இடப்பக்க விலாவில் குத்து. இரவு நடுக்கத்தோடு காய்ச்சல். கொழும்பில் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குகிற மெல்லிய குழாய் இருக்கிறதே, சிறுநீர்க்கான், அதில் ஒரு கல் இறுகியிருந்தது. மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பிடித்துவிட்டது. இது அவசர நிலை. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் சில மணித்தியாலங்களிலேயே இரத்தத்துக்கு ஏறி ஆளை விழுத்திவிடும். அந்த நேரத்தில் கல்லைத் தொடுவது ஆபத்து என்பதால் முதலில் தேங்கியதை வடியவிட்டு, கிருமி அடங்கிய பிறகுதான் கல்லுக்குப் போவார்கள். அன்றிரவே வைத்தியர்கள் கல்லைத் தாண்டிச் சிறுநீர் இறங்க ஒரு ரியூப், அதாவது ஸ்டென்ட், வைத்தார்கள். சித்தப்பா பிழைத்தார். அந்த இரவு அவர்கள் செய்தது மிகச் சரியான வேலை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் அப்போது நாட்டில் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடா போயிருந்தேன். பிறகு விமான நிலையம் மூடப்பட்டதால் நினைத்ததைவிட நெடுநாள் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

ஸ்டென்ட் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் சித்தப்பாவுக்கு இதை யாரும் பொறுமையாக விளக்கவில்லை. பெரியவர்களுக்கு வைப்பது கிட்டத்தட்ட 24 முதல் 26 சென்ரிமீற்றர் நீளமான, 2 மில்லிமீற்றர் அளவு தடிப்பான ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் ரியூப். பொலியூரித்தேன் அல்லது சிலிக்கோன் போன்றவற்றில் செய்திருப்பார்கள். உடம்பெல்லாம் சின்னச் சின்னத் துளை. மேல் முனை சிறுநீரகத்துக்குள்ளும் கீழ் முனை சிறுநீர்ப்பைக்குள்ளும் சுருண்டு கிடக்கும். 1967இல் சிம்ஸ்கைண்ட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் நேரான சிலிக்கோன் குழாயைச் சிறுநீர் வெளியேறும் கீழ்வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நேரான குழாய் வழுக்கி இடம் மாறிவிடும். 1978இல் ஃபினி என்பவர் இரண்டு முனையையும் வளைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார். இங்கிலீஷ் எழுத்து ஜே இரண்டு சேர்ந்தாற்போல இருப்பதால் டபிள் ஜே, சுருக்கமாக டிஜே. வைத்தியசாலைகளில் எல்லோரும் டிஜே ஸ்டென்ட் என்றுதான் சொல்வார்கள். நோயாளிகள் "ரியூப் வச்சிருக்கு" என்பார்கள்.

இது தற்காலிகமாக வைப்பது. கல்லுக்காக வைத்தால் பெரும்பாலும் சில வாரங்கள்தான். சாதாரண ஸ்டென்ட்டுக்கு மூன்று மாதம் என்பதுதான் வழக்கமான எல்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்குப் பழையதை எடுத்துப் புதியது மாற்ற வேண்டும்.

சித்தப்பாவை வீட்டுக்கு விட்டபோது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டை நான் பிறகு பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். கடைசியில் இரண்டு வரி: இடப்பக்கம் டிஜே ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது, 6/52 இல் கிளினிக்குக்கு வரவும். இந்த 6/52 என்பது வைத்தியர்களின் குறிப்பு. கீழே 52 இருந்தால் மேலே உள்ளது வாரம், 12 இருந்தால் மாதம், 7 இருந்தால் நாள். ஆக ஆறு வாரம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? வாட்டில் ஒரு தாதி மிஸ் வாயாலும் சொல்லியிருக்கிறார், சிங்களத்தில். சித்தப்பாவுக்குச் சந்தையில் விலை பேசும் அளவுக்குத்தான் சிங்களம். தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ஆறு வாரம் என்றால் மார்ச் கடைசி. 2020 மார்ச் 20 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு. வவுனியாவிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. கிளினிக் திகதி வந்து போய்விட்டது. உலகம் முழுக்க அந்த வருடம் இப்படி நிறையப் பேருடைய ஸ்டென்ட் எடுக்கப்படாமல் பிந்திப்போனது.

ஊரடங்கு எடுபட்ட பிறகாவது வந்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன். "நோ இல்லை பிள்ளை. சுகமாத்தானே இருந்தனான். சுகமா இருக்கிறவன் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போறது?"

ஸ்டென்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் நோ போனது. அடைப்பு இருக்கிறது, ஆனால் சிறுநீர் அதைச் சுற்றி இறங்குகிறது. கல் அப்படியே இருக்கிறது. ஆளுக்கு மட்டும் வருத்தம் தீர்ந்தது போலத் தோன்றுகிறது. அவர் இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வளவுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறதாம். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும், எடுக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னாராம். தனக்கு வைத்ததும் அப்படித்தான் என்று சித்தப்பா முடிவெடுத்துவிட்டார். படித்தவர்களும் இந்த இடத்தில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். இதயத்தில் வைப்பது உலோக வலை, அது தங்குவதற்கென்றே செய்தது. சிறுநீர்க்கானில் வைக்கும் இந்த ரியூபை எடுத்தே ஆக வேண்டும்.

முதல் சில மாதம் தொந்தரவு இல்லாமலும் இல்லை. அடிக்கடி போக வேண்டும் போல இருக்கும், போனால் எரியும், போகும்போது விலாவில் இழுக்கும். சிறுநீர்க்கான் பைக்குள் நுழையும் இடத்தில் சிறுநீர் திரும்பி மேலே ஏறாதபடி இயற்கையாக ஒரு தடுப்பு உண்டு. ஸ்டென்ட் அந்த வாயைத் திறந்தே வைத்திருப்பதால், முக்கிப் போகும்போது சிறுநீர் மேலே எகிறும். அந்த இழுவை அதுதான். ஸ்டென்ட் வைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஏதோ ஒரு தொல்லை இருக்கும். சித்தப்பாவுக்கு இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஓட்டிய நாட்களில் சிறுநீர் சிவப்பாகப் போனதாம். ரவுனில் ஒரு பாமசியில் எரிவுக்கு மருந்து வாங்கிக் குடித்தார். சித்தி வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி அவித்த தண்ணீரும் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, பழகிவிட்டது. அந்தப் பழகிவிட்டது என்பதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. உடம்பு சகித்துக்கொள்ளும். உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும்.

பிறகு 2021. பிறகு 2022, பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும். அவருடைய கார்ட் லாச்சிக்குள் காணிப் பத்திரங்களோடு கிடந்தது.

2023 நடுப்பகுதியில் இரவு பஸ்ஸில் வந்து விடிய வெள்ளவத்தையில் இறங்கினார். முகம் சாம்பல். காய்ச்சல், இடப்பக்கம் கை வைக்க முடியவில்லை, சிறுநீரில் கட்டி கட்டியாக இரத்தம். அன்றே வாட்டில் சேர்த்தோம். சாதாரண எக்ஸ்றே ஒன்று, வயிற்றுப் பகுதி முழுவதும் விழும்படி எடுப்பார்களே, அது. ஸ்டென்ட் எக்ஸ்றேயில் தெளிவாகத் தெரியும், அப்படித்தான் செய்திருப்பார்கள். இளம் டொக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விலாவிலிருந்து இடுப்புக்குள் வளைந்து இறங்குகிற வெள்ளைக் கோடு. மேல் சுருளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டி. கீழே, சிறுநீர்ப்பைக்குள், சுருளையே விழுங்கிவிட்ட 4 சென்ரிமீற்றர் கல். "இது எப்ப வச்சது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் சித்தப்பாவைக் கேட்டேன். அவர் யோசித்து, "அந்தக் கலியாணம் நடந்த வருசம்" என்றார். டொக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வன்னிக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கேத்தலின் உட்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, சுரண்டினாலும் வராத படை. ஸ்டென்ட்டின் மேல் படிவதும் அந்த மாதிரித்தான். உடம்புக்குள் வைத்தவுடனேயே சிறுநீரில் உள்ள புரதங்கள் ரியூபின் மேல் ஒட்டத் தொடங்கும். அதன் மேல் பக்ரீரியாக்கள் கூடு கட்டும். அவற்றில் சில, முக்கியமாகப் புரோட்டியஸ் என்ற வகை, சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறும். ஏறினால் மக்னீசியமும் கல்சியமும் பொஸ்பேற்றாகப் படியும். கிருமி இல்லாவிட்டாலும், கல் உண்டாகும் உடம்புக்காரருக்குக் கல்சியம் ஒக்சலேற் படியத்தான் செய்யும். ஏற்கெனவே கல் வந்ததால்தானே ஸ்டென்ட்டே வைத்தது.

இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வை வைத்தியர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்தில்தான் படிவு இருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47.5 சதவீதம். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு எடுத்தவற்றில் 76.3 சதவீதம். மூன்று மாதம் என்ற எல்லை ஏன் என்று இதைப் பார்த்தால் விளங்கும். சித்தப்பாவுக்கு மூன்று வருடத்துக்கும் மேல்.

படிவு மட்டும்தான் என்றால்கூடப் பரவாயில்லை. துளைகள் அடைபட்டதும் ஸ்டென்ட்டே அடைப்பாகிவிடும். சிறுநீரகம் வீங்கும், கிருமி திரும்பவும் பிடிக்கும், மெல்ல மெல்ல அந்தப் பக்கச் சிறுநீரகம் செத்துப்போகும். சில பேருக்கு அந்தக் கிருமி இரத்தத்தில் ஏறி உயிரே போயிருக்கிறது. ரியூபின் பிளாஸ்ரிக்கும் நாளடைவில் விறைத்து முறியத் தொடங்கும். சில பேருக்கு ஸ்டென்ட் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும்.

எனக்கு அப்போது தோன்றியது, கெமராவை விட்டு இழுத்து எடுத்துவிட வேண்டியதுதானே என்பது. கிளினிக்கில் மூத்த சேர்ஜன் விளக்கினார். மேலும் கீழும் கல் கட்டிய ஸ்டென்ட்டைப் பலமாக இழுத்தால் சிறுநீர்க்கான் கிழிந்து, அதனோடேயே பிய்ந்து வந்துவிடக்கூடும். சிறுநீரகத்தையே இழக்கும் காயம் அது. அதனால் முதலில் படம், பிறகு திட்டம், பிறகுதான் கை வைப்பார்கள். சீ.ரி. ஸ்கான் எடுத்து எங்கெங்கே எவ்வளவு கல் என்று பார்த்தார்கள். ஐசோரோப் ஸ்கான் ஒன்றில் இரண்டு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். மொத்த வேலையில் இடப்பக்கத்தின் பங்கு 24 சதவீதம். இன்னும் கீழே போயிருந்தால் காப்பாற்றிப் பயனில்லை என்று சிறுநீரகத்தையே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். சிறுநீரை வளர்த்துப் பார்த்ததில் புரோட்டியஸ். அதற்கேற்ற அன்ரிபயோற்றிக் ஏற்றிக் கிருமியை அடக்கின பிறகுதான் தியேட்டர்.

முதல் தடவை சிறுநீர்ப்பைக்குள் இருந்த கல்லைக் கீழ்வழியாக லேசரால் உடைத்தார்கள். சில வாரம் கழித்து இரண்டாவது. சித்தப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் சிறு துளை போட்டு, நேரே சிறுநீரகத்துக்குள் போய் மேல் சுருளைச் சுற்றியிருந்த கல்லை உடைத்தார்கள். நடுவில் ஸ்டென்ட் முறிந்துவிட்டது. துண்டு துண்டாக எடுத்தார்கள். 2020இல் காரணமாக இருந்த பழைய கல்லும் அப்போதுதான் வெளியே வந்தது. மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாம் எடுத்தாச்சோ?" எடுத்தாயிற்று. ஆனால் இவ்வளவு வேலைக்குப் பிறகு சிறுநீர்க்கான் வீங்கி அடைபடாமல் இருக்கப் புதிதாக ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் சித்தி அழுதுவிட்டார். நான் கலண்டரில் எழுதிக்கொண்டேன். மூன்று வாரத்தில் போய் எடுத்தோம்.

அரசாங்க வைத்தியசாலை என்பதால் ஒரு சதம் செலவில்லாமல் இதெல்லாம் நடந்தது. இதற்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன். ஆனால் இந்த நாட்டில் யூரோலொஜி, அதாவது சிறுநீர்ப்பாதை ஒபரேஷன் தியேட்டருக்குக் காத்திருப்பவர்கள் எவ்வளவு பேர் என்பதும் வாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். சில நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது இரண்டு பெரிய சத்திரசிகிச்சையாகி, இன்னொருவருடைய இடத்தையும் எடுத்துக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தம்பி, ஹற்றன் பக்கம். ஸ்டென்ட் வைத்த அடுத்த மாதமே விசா வந்து கட்டாருக்குப் போய்விட்டாராம். திரும்பிவந்தபோது அவருக்கும் இதே கதை. வாட்டு சிஸ்டர் சொன்னார், வெளிநாடு போகிறவர்களும் ஊர் மாறுகிறவர்களும்தான் இப்படி அதிகம் வருவார்கள் என்று. அது எனக்கு விளங்கியது. ஓரிடத்தில் வைத்துவிட்டு வேறிடத்தில் வாழ்கிறவர்களை யார் கூப்பிடுவது? பல நாடுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களின் பெயரைக் கணினியில் பதிந்து, திகதி பிந்தினால் அது அறிவிக்கும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் அரசாங்க கிளினிக்குகள் பலவற்றில் நினைவு என்பது நோயாளியின் கையில் இருக்கிற கிளினிக் கொப்பிதான். கொப்பி வீட்டில் கிடந்தால் நினைவும் வீட்டில்தான் கிடக்கும்.

ஆகையால் குடும்பங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். யாரையாவது வைத்தியசாலையிலிருந்து கூட்டிவரும்போது, அது சிறுநீரகக் கல்லோ, கர்ப்பப்பை ஒபரேஷனோ, சிறுநீரக மாற்றோ எதுவானாலும், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வைத்திருந்தால் எந்தத் திகதியில், எங்கே எடுப்பது என்று கேளுங்கள். சிங்களத்தில் கேட்க வேண்டியிருந்தால் "ஸ்டென்ட் எக்க அயின் கரன்ன ஓனே கவத்த?" என்று கேட்டால் போதும். பதிலைத் தமிழில், கிழமையும் திகதியுமாக, அந்த இடத்திலேயே கொப்பியில் எழுதுங்கள். வீட்டுக் கலண்டரில் எழுதுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் போனிலும் போட்டுவிடச் சொல்லுங்கள். நோயாளி ஒருவரின் ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டாம், அவர் காய்ச்சலிலும் மயக்கத்திலும் இருந்தவர். கொழும்புக்கு வர முடியாமல் போனால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிட்ட உள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கார்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வைத்த இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

கர்ப்பிணிப் பெண்களுக்கு வைத்திருந்தால் இன்னும் கவனம். அந்த மாதங்களில் சிறுநீரில் கல்சியம் கூடுவதால் படிவு வேகமாக ஏறும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பிள்ளை பிறந்த சந்தடியில் தாயின் ஸ்டென்ட்டை எல்லோரும் மறந்துவிடுவதற்கு மிகவும் இடமுண்டு. புற்றுநோய்க் கட்டி அழுத்துவதால் நிரந்தரமாக ஸ்டென்ட் தேவைப்படுகிறவர்களுக்கும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிரந்தரமாகத் தேவை என்றால் ஒரே ரியூப் நிரந்தரமாகக் கிடக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

முன்பு எப்போதோ வைத்தது, எடுத்தோமா என்று நினைவில்லை என்பவர்கள் ஓர் எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இருந்தால் தெரிந்துவிடும். ஸ்டென்ட் உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சலும் விலா நோவும் வந்தால் பனடோல் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை. 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வைத்தியசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. டயக்னோசிஸ் கார்ட்டில் ஒரு சிறிய முத்திரை, தமிழிலும் சிங்களத்திலும்: உங்கள் உடலில் ஒரு ரியூப் உள்ளது, இந்தத் திகதிக்கு முன் எடுக்க வேண்டும். திகதிக்கு ஒரு வெற்றிடம். ஒரு றப்பர் முத்திரைக்கு என்ன செலவு? வாட்டில் வேலை செய்கிறவர்கள் ஓய்வில்லாமல் ஓடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்கள்மேல் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. மிஸ் ஒருவர் சிங்களத்தில் சொன்னதும், டொக்டர் 6/52 என்று எழுதியதும் அவரவர் கடமைதான். ஆனால் அது சித்தப்பாவிடம் போய்ச் சேரவில்லை, அதற்கு அவருடைய சிறுநீரகம் பாதிக்கு மேல் விலை கொடுத்தது.

இப்போது சித்தப்பா நன்றாக இருக்கிறார். வலது சிறுநீரகம் சுமையைத் தாங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார். இடுப்பு நோவுக்குக் கண்டபடி போடுகிற டைக்குளோபினாக் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வயலுக்குப் போகும்போது பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறார், சித்தி பின்னேரம் வெறும் போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

இனிக் கடைசியாக ஒன்று. ஸ்டென்ட் எடுப்பது எப்படி இருக்கும் என்ற பயத்திலேயே கன பேர் தள்ளிப்போடுகிறார்கள். சித்தப்பாவின் மூத்த மகனுக்கும் போன வருடம் கல் வந்தது. எங்கள் குடும்பத்தில் இது வழிவழியாக உள்ளதுதான். லேசரால் உடைத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். எடுக்கிற நாள் நெருங்க நெருங்க அவனுக்கு நித்திரை இல்லை. "அக்கா, அதை எங்காலை இழுப்பினம்?" என்று என்னிடம் வெட்கத்தோடு கேட்டான். கீழ்வழியாகத்தான். மரத்துப்போகும் ஜெல் ஒன்றை விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, மெல்லிய வளையக்கூடிய கெமராவைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். அதன் நுனியில் உள்ள சின்ன இடுக்கியால் ஸ்டென்ட்டின் சுருளைப் பிடித்து மெதுவாக வெளியே எடுப்பார்கள். திகதிக்குள் போனால் முழு வேலையும் சில நிமிடம். நான் வெளியே வாங்கில் இருந்தேன், கொண்டுபோன பேப்பரின் முதல் பக்கம் முடிவதற்குள் கதவு திறந்தது. ஊசி போடுவதைவிடக் கொஞ்சம் கூட, பல்லுப் பிடுங்குவதைவிட எவ்வளவோ குறைவு என்றான்.

ஒன்றிரண்டு நாள் எரியும், கொஞ்சம் இரத்தம் தெரியும், தண்ணீர் நிறையக் குடி, காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே திரும்பி வா என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். அவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரவு பஸ்ஸில் வவுனியா போனான்.